செர்பியம், மாண்டினீக்ரோ மொழி ஆகியவற்றின் இலக்கணமும் தமிழ் மாணாக்கரும்

முன்னுரை

சங்கச் செய்யுட்கள் வாய்மொழியாகப் பாடப்பெற்றவையோ, எழுதி அமைக்கப்பெற்றவையோ என்னும் வினா தமிழாராய்ச்சியில் இன்றும் முடிவு காணாத வினாக்களுள் ஒன்று. 1968-ஆம் ஆண்டில் வெளிவந்த தம் ஆங்கில நூலில் க. கைலாசபதி அவர்கள், தமிழ் வீரநிலைப் பாடல்களை வாய்மொழிப் பாடல்களாகக் கொண்டு ஆராய்ந்தார். அதனை ஏற்றாரும் உளர்; மறுத்தாரும் உளர். இரு சாராரும் அவர் கையாண்ட அளவுகோல் எங்கு வார்க்கப்பட்டது என்பதைப் பெரிதும் கருதினாரல்லர். அவ்வளவுகோல் மில்மன் பாரி, ஆல்பர்ட் லார்டு என்னும் அமெரிக்க அறிஞர் இருவர் வகுத்தது. பாரி, ஓமரின் காப்பியங்களில் தாம் கண்ட கோட்பாட்டை உயிருள்ள மரபொன்றில் வைத்து உரைத்துப் பார்க்க விரும்பி, 1933-இலும், மீண்டும் 1934, 1935 ஆகிய ஆண்டுகளிலும் அன்றைய யூகோசுலாவிய நாட்டிற்குச் சென்றார். அங்கே 'குஸ்லெ' என்னும் ஒற்றை நரம்புக் கருவியை இசைத்துப் பாடிய பாணர் பலரின் பாடல்களைப் பதிவு செய்தார். மாண்டினீக்ரோவின் வடபகுதியிலுள்ள பியெலொ பொல்யெ என்னும் ஊரைச் சார்ந்த அவ்தொ மெஜெதொவிச் என்னும் பாணர், 1935-இல் 12,311 அடிகள் கொண்ட ஒரு கதைப்பாடலைச் சொல்லி எழுதுவித்தார். பாரியின் மறைவிற்குப் பின் லார்டு அப்பணியைத் தொடர்ந்து, 1960-இல் தம் பெருநூலை வெளியிட்டார்.

எனவே, நம் சங்கப் பாடல்களை அளக்க வந்த கோலின் ஒரு முனை அம்மலைநாட்டுப் பாணரின் மொழியில் ஊன்றியுள்ளது. அம்மொழியையோ நாம் அறியோம். ஆங்கிலப் பெயர்ப்பின் வாயிலாகவே அப்பாடல்களை நோக்குகின்றோம். பாரியின் கோட்பாட்டிற்கு அடிப்படையாவது 'வாய்பாடு' என்பது. அதாவது, ஒரே யாப்பு நிலையில் ஒரு கருத்தை உணர்த்துதற்கு மீண்டும் மீண்டும் வரும் சொற்றொடர். சொற்றொடர் என்றவுடனே வேற்றுமையும் வினையும் வந்து நிற்கின்றன. பெயர்ப்பில் இவை மறைந்துவிடும். ஆதலின், வாய்பாட்டை ஆராய்வோன் இலக்கணத்தை ஆராயாமல் இருத்தல் இயலாது என்பது எம் கருத்து. தமிழ் மாணாக்கர் ஒருவர் அம்மொழியின் இலக்கணத்தைப் பயில முற்படின், தம் இலக்கண அறிவு எங்குத் துணை செய்யும், எங்கு வழி தவறச் செய்யும், அப்பயிற்சியின் பயன் யாது என்பனவற்றை இக்கட்டுரையில் ஆராய்வோம்.

செர்பியச் சொற்களைத் தமிழெழுத்தில் தருகின்றோம். உயிர்களின் நடுவே இரட்டித்து நிற்கும் வல்லெழுத்தை ஒலிப்பில்லாத ஒற்றையொலியாகக் கொள்க. பிற இடங்களில் தேவைப்படும் வேறுபாட்டைச் சொல்லால் விளக்குவோம்.

மொழியும் பெயர்களும்

இம்மொழியைப் பயில்வார் முதற்கண் எதிர்கொள்ளும் இடர்ப்பாடு அதன் பெயரே. வூக் ஸ்தெஃபனொவிச் கரஜிச் (1787–1864) என்னும் பேரறிஞர், திருச்சபை வழக்கிலிருந்த பழைய சிலாவிய நடையை விடுத்து, மக்கள் வழங்கும் மொழியையே நூல் மொழியாக்கப் பாடுபட்டார். 1814-இல் வியன்னாவில் அவர் வெளியிட்ட சிற்றிலக்கணம், திருச்சபைச் சிலாவியத்திற்கு அவ்ராம் ம்ரஸொவிச் என்பார் எழுதிய இலக்கணத்தை அடியொற்றி அமைந்தது. 1818-இல் வெளிவந்த அவரது அகராதி இருபத்தாறாயிரத்திற்கு மேற்பட்ட சொற்களைக் கொண்டது. திருத்திய இலக்கணம் ஒன்றும் அதன் முன்னர் இணைக்கப்பெற்றது. அவ்விலக்கணத்தைச் செருமானியப் பேரறிஞர் யாக்கோபு கிரிம், 1824-இல் தம் மொழியில் பெயர்த்தார். அயலார் தம் மொழி வாயிலாக நேரே இம்மொழியைக் கற்க அது வழி திறந்தது. வூக்கின் எழுத்துமுறை 1868-இல் செர்பியாவில் முழுமையாக ஏற்கப்பட்டது.

1954-இல் நோவி சாத் நகரில் கூடிய அறிஞர்கள், செர்பியர், குரோவாசியர், மாண்டினீக்ரோ மக்கள் ஆகியோரின் மொழி ஒன்றே என்றும், அதன் இருவகை ஒலிப்பும் இருவகை எழுத்தும் ஒப்புடையன என்றும் உடன்பாடு செய்தனர். அந்நாடு சிதைந்தபின் அவ்வுடன்பாடும் சிதைந்தது. 2006-இல் மாண்டினீக்ரோ தனிநாடாயிற்று. 2007-இன் அரசியலமைப்பு, மாண்டினீக்ரோ மொழியை ஆட்சிமொழி எனக் கொண்டு, செர்பியம் முதலான வேறு சில மொழிகளையும் ஆட்சி வழக்கிற்கு உரியனவாக்கியது. 2009-இல் புதிய எழுத்துமுறையும், 2010-இல் அத்னான் சிர்கிச், இவொ ப்ராங்கொவிச், யொசிப் சிலிச் ஆகிய மூவர் இயற்றிய இலக்கணமும் வெளிவந்தன. எனினும் 2011-ஆம் ஆண்டுக் குடிக்கணக்கில், அந்நாட்டு மக்களுள் நூற்றுக்கு ஏறத்தாழ 43 பேர் தம் மொழியைச் செர்பியம் என்றும், 37 பேர் மாண்டினீக்ரோ மொழி என்றும் கூறினர். அண்டை வீட்டார் இருவர் ஒரே வாக்கியத்தைப் பேசி, அதனை இரு பெயரால் அழைத்தல் அங்கு இயல்பு.

இலக்கண நோக்கில் இவ்விரண்டிற்கும் இடையேயுள்ள வேறுபாடு யாது? பழைய சிலாவியத்தின் ஓர் உயிரொலி செர்பியாவின் பெரும்பகுதியில் எகரமாயிற்று. மாண்டினீக்ரோவிலோ அது நெடிலாயின் 'இயெ' என்றும், குறிலாயின் 'யெ' என்றும் திரிந்தது. பால் என்னும் பொருளுடைய சொல் ஆங்கு 'ம்லேக்கொ', ஈங்கு 'ம்லியெக்கொ'. பாட்டு என்பது ஆங்கு 'பெஸ்ம', ஈங்கு 'ப்யெஸ்ம'. பெல்கிரேடு நகரின் பெயர் அவர்தம் மொழியில் 'பெஒக்ரத்', அதாவது வெண்ணகர். மெஜெதொவிச் வாழ்ந்த ஊரின் பெயர் 'பியெலொ பொல்யெ', அதாவது வெண்புலம். 'வெண்மை' என்னும் ஒரே சொல் இவ்விரு ஊர்ப்பெயரிலும் இருவடிவில் நிற்கின்றது. இதற்கு மேல், ஸகரமும் யகரமும், அவ்வாறே ஒலிப்புடைய ஸகரமும் யகரமும் கலந்து ஓரொலியாகும் இடத்திற்கென 2009-இன் எழுத்துமுறை இரண்டு புதிய எழுத்துகளைச் சேர்த்தது. செர்பிய எழுத்துகள் 30. மாண்டினீக்ரோ எழுத்துகள் 32.

வேற்றுமை வாய்பாடும், வினைத் திரிபும், தொடரமைப்பும் பெரும்பாலும் ஒன்றே. மொழிக்குப் பெயரிடும் உரிமை அதனைப் பேசும் மக்களுடையது. அயலார் அவ்வழக்கில் நடுவராதல் வேண்டா. ஆயின் செர்பிய ஏடுகளைப் படிக்க விழைவார் எகர ஒலிப்பையும், பாரி தொகுத்த பாடல்களைப் படிக்க விழைவார் 'இயெ' ஒலிப்பையும் முதலிலிருந்தே மேற்கொள்ளுதல் நலம். இதன் காரணம் பின்னர் விளங்கும்.

எழுத்தும் ஓசையும்

ஓர் ஒலிக்கு ஓர் எழுத்து என்பது வூக்கின் கொள்கை. கிரேக்க எழுத்தின் கிளையான சிரில் எழுத்திலும் இலத்தீன் எழுத்திலும் இம்மொழி எழுதப்படுகிறது. ஒலிக்கு நிகராக எழுதும் இவ்வெழுத்துமுறையின் செம்மையைப் புகழாதார் இலர். ஆயினும் தமிழர் கண்ணுக்கு அதில் ஒரு குறை உடனே புலப்படும்: குறில், நெடில் வேறுபாடு எழுதப்படுவதில்லை. 'லுக்' எனக் குறுகின் வெங்காயம். 'லூக்' என நீளின் வில். 'பஸ்' என்பது நாய். 'பாஸ்' என்பது இடைக்கச்சை. இவை எழுத்தில் ஒன்றே. அகராதிகளிலும் இலக்கண நூல்களிலும் மட்டுமே குறியிட்டுக் காட்டுவர். தமிழெழுத்தோ இதனைத் தெளிவாகக் காட்டும். எனவே தம் பயிற்சி ஏட்டில் ஒவ்வொரு சொல்லின் அருகிலும் தமிழெழுத்தில் அதன் மாத்திரையைக் குறித்துக்கொள்ளும் மாணாக்கர், ஆங்கில நூலை மட்டும் நம்பிப் பயில்வாரினும் விரைந்து செவி தெளிவர்.

தமிழெழுத்து கைவிடும் இடமும் உண்டு. 'கோஸ்த்' என்று நாம் எழுதுவது, முதலெழுத்து ஒலிப்பின்றி வரின் எலும்பு. ஒலிப்புடன் வரின் விருந்தினர். நம் எழுத்தில் இரண்டிற்கும் வேறுபாடு இல்லை. நம் செவியும் இதனைப் பொருள் வேறுபடுத்தும் ஒலியாகப் பழகியதில்லை. வல்லின வேறுபாட்டைச் செவியால் பிரித்தறியும் பயிற்சி முதல் திங்களிலேயே தொடங்கப்படல் வேண்டும்.

ரகர மெய் உயிர்போல் நின்று அசையாதல் இம்மொழியின் மற்றோர் இயல்பு. 'ப்ர்ஸ்த்' என்பது விரல்; 'க்ர்வ்' என்பது குருதி. இவற்றில் உயிரெழுத்து இல்லை. எனினும் ஒவ்வொன்றும் ஓரசை. உயிரின்றி மெய் இயங்காது எனக் கற்ற நமக்கு இது புதுமையே.

மாத்திரையோடு ஓசையும் உண்டு. அழுத்தம் பெறும் உயிர் குறிலோ நெடிலோ, அதன் ஓசை ஏறுவதோ இறங்குவதோ என்பதால் நான்கு வகை அழுத்தம் அமைகின்றது. 'க்ராது' என்னும் வடிவம் இறங்கோசை பெறின் 'நகரத்திற்கு' என நான்காம் வேற்றுமை போல் நிற்கும். ஏறோசை பெறின் 'நகரத்தில்' என இடப்பொருளுடையதாகும். எழுத்தில் இரண்டும் ஒன்றே. இவ்வோசையை முற்றும் அறியாதாரும் பேச்சை நடத்தலாம். ஆயின் பாட்டின் ஓசையை ஆராய்வார்க்கு இது புறக்கணிக்கத்தக்கதன்று.

புணர்ச்சியைப் பொறுத்தவரை நம் மாணாக்கர் அஞ்சவேண்டுவதில்லை. தோன்றல், திரிதல், கெடுதல் என்னும் மூன்றையும் கற்றவர்க்கு, கை என்னும் பொருளுடைய 'ரூக்க' என்பது 'ரூத்ஸி' எனவும், வீரன் என்னும் பொருளுடைய 'யுனாக்' என்பது விளியில் 'யுனாச்செ' எனவும் திரிதலும், 'பஸ்' என்பது உருபேற்குங்கால் இடையுயிர் கெட்டு 'ப்ஸ' என நிற்றலும் அயர்ச்சி தாரா. ஒலித்திரிபை எழுத்திலும் காட்டுதல் இரு மொழிக்கும் பொதுவாகிய மரபு.

வேற்றுமை

செர்பிய வேற்றுமை ஏழு. ஆங்கிலம் வல்லார்க்கு இது மலைப்பைத் தரும். தொல்காப்பியமும் நன்னூலும் பயின்றார்க்கு ஏழு என்பது எட்டினும் குறைவே. விளியை ஒரு வேற்றுமையாகக் கொள்ளுதலும் இரு மொழிக்கும் பொது. ஆயினும் ஒப்புமையின் நடுவே நான்கு இடங்களில் வழுக்கு நிலம் உண்டு.

முதலாவது, உருபின் இயல்பு. தமிழில் எண்ணும் வேற்றுமையும் தனித்தனி நிற்கும். 'மரங்களை' என்பதில் பன்மை வேறு, ஐயுருபு வேறு. செர்பியத்தில் பால், எண், வேற்றுமை மூன்றும் ஓர் இறுதியில் உருகி ஒன்றாகின்றன. வீடு என்னும் பொருளுடைய 'குச்ச' என்பது, 'குச்செ' என வரின் 'வீட்டின்' என்றும் 'வீடுகள்' என்றும் 'வீடுகளை' என்றும் பொருள்படும். இடம் நோக்கியே பிரித்தறிதல் வேண்டும். இவ்வடிவங்களை உருபு உருபாகப் பிரித்துக் கற்க முயலுதல் வீண். வாக்கியத்தோடு கற்றலே தக்கது.

இரண்டாவது, செயப்படுபொருள். தமிழில் உயர்திணைப் பெயர் ஐயுருபு வெளிப்பட நிற்கும்; அஃறிணைப் பெயர் உருபு தொக்கும் வரும். செர்பிய ஆண்பாற் பெயரிலும் இதனை ஒத்த பகுப்பு உண்டு. 'விதீம் க்ராத்' என்பது 'நகரைக் காண்கின்றேன்', பெயர் மாறவில்லை. 'விதீம் வூக்க' என்பது 'ஓநாயைக் காண்கின்றேன்'. ஈண்டுப் பெயர் ஆறாம் வேற்றுமை வடிவத்தை ஏற்றது. நாம் கோடிடுவது மக்களுக்கும் மற்றவற்றிற்கும் இடையில். அவர் கோடிடுவது உயிருள்ளவற்றிற்கும் உயிரில்லவற்றிற்கும் இடையில். ஆதலின் மனிதரைக் குறிக்கும் சொற்களில் தவறாத தமிழ் மாணாக்கர் விலங்குகளைக் குறிக்கும் சொற்களில் தவறுதல் கூடும்.

மூன்றாவது, கருவியும் உடனிகழ்ச்சியும். நம் மூன்றாம் வேற்றுமை இவ்விரண்டையும் தன்னுள் அடக்கும். செர்பியத்திலும் ஒரே வேற்றுமை இரண்டிற்கும் உரியது. ஆயின் கருவிப்பொருளில் உருபு தனித்து வரும். உடனிகழ்ச்சியில் 'ஸ்' என்னும் முன்னிடைச்சொல் சேரும். 'பீஷெம் ஒலோவ்க்கொம்' என்பது 'எழுதுகோலால் எழுதுகின்றேன்'. 'ஷேத்தாம் ஸ் த்ரூகொம்' என்பது 'நண்பனோடு உலவுகின்றேன்'. எழுதுகோலின் முன் அவ்விடைச்சொல்லை வைப்பின், எழுதுகோல் உடன் வரும் தோழனாகிவிடும்.

நான்காவது, செல்லுதல். 'நகருக்குச் செல்கின்றேன்' என நாம் நான்காம் வேற்றுமையாற் கூறுவதை அவர் இரண்டாம் வேற்றுமையாற் கூறுவர்: 'இதேம் உ க்ராத்'. 'நகரில் வேலை செய்கின்றேன்' என்பது 'ராதீம் உ க்ராது'. 'உ' என்னும் ஒரே முன்னிடைச்சொல்லே இரண்டிடத்தும் வருகின்றது. இயக்கமாயின் இரண்டாம் வேற்றுமை, இருப்பாயின் இட வேற்றுமை என்று பெயரின் இறுதியே பொருளைப் பிரிக்கின்றது.

எண்ணுப்பெயரின் பின் வரும் வடிவமும் குறிக்கத்தக்கது. ஒன்றிற்கு ஒருமை, இரண்டு, மூன்று, நான்கிற்கு ஒரு வடிவம், ஐந்து முதலாக ஆறாம் வேற்றுமைப் பன்மை. இரு நகரம் 'த்வா க்ராத'. ஐந்து நகரம் 'பேத் க்ரதோவா'. பழைய இருமை எண்ணின் எச்சம் இதுவென அறிஞர் கூறுவர்.

பாலும் இயைபும்

தமிழில் பால் பொருள்பற்றி வருவது. செர்பியத்தில் பெரும்பாலும் சொல்லின் ஈறுபற்றி வருவது. நகரம் ஆண்பால், வீடு பெண்பால், சிற்றூர் ஒன்றன்பால் போன்ற நடுப்பால். அடைமொழியும் பெயரோடு பால் இயைந்து மாறும்: 'நொவ் க்ராத்', 'நொவ குச்ச', 'நொவொ ஸெலொ'. நாம் 'புதிய' என்னும் ஒரு சொல்லை மூன்றிற்கும் இடுவோம். மேலும், தமிழில் தொடரின் இறுதிப் பெயர் மட்டுமே உருபேற்கும். அங்கே அடையும் உருபேற்கும். 'புதிய வீட்டில்' என்பது 'உ நொவோய் குச்சி'. அடையில் ஓர் உருபு, பெயரில் ஓர் உருபு.

இதனினும் நுட்பமானது தன்மையிற் பால் தோன்றுதல். 'எழுதினேன்' என்பதில் பேசுவோர் ஆடவரோ பெண்டிரோ என்பது தோன்றாது. செர்பியத்தில் ஆடவர் 'பீஸஒ ஸம்' என்றும், பெண்டிர் 'பீஸல ஸம்' என்றும் கூறுவர். இங்கு 'ஸஒ' என இரண்டு உயிர்கள் உடம்படுமெய் இன்றி அடுத்து நிற்றலும் கவனித்தற்குரியது. நம் நா அங்கே ஒரு வகரத்தை இட விழையும். அதனை அடக்குதல் வேண்டும்.

வினைநோக்கு

இம்மொழியின் இலக்கணத்தில் தமிழ் மாணாக்கர்க்குப் பெருந்தடை எது என வினவின், வேற்றுமை அன்று, வினைநோக்கு என்போம். ஒரு செயலை முடிவுற்ற முழுமையாக நோக்குகின்றோமா, முடிவைச் சுட்டாது நிகழ்வாக நோக்குகின்றோமா என்னும் வேறுபாடு அங்குக் கட்டாயமானது. எழுதுதல் என்னும் பொருளில் 'பீஸத்தி' என்பது முற்றாநோக்கு. 'நபீஸத்தி' என்பது முற்றுநோக்கு. வாங்குதல், கொடுத்தல், சொல்லுதல் என வினைச்சொற்கள் பெரும்பாலும் இரட்டை இரட்டையாகவே உள்ளன.

தமிழிலும் 'எழுதிவிட்டான்', 'எழுதிக்கொண்டிருந்தான்' எனத் துணைவினையால் இவ்வேறுபாட்டைக் காட்டுதல் உண்டு. ஆயின் அது விருப்பம். 'எழுதினான்' என்று வாளா கூறிச் செல்லலாம். செர்பியத்தில் வாளா கூறும் வழி இல்லை. 'பீஸஒ யெ பீஸ்மொ, அலி க நியெ நபீஸஒ' என்பது அவர்க்குத் தெளிவான வாக்கியம். சொல்லுக்குச் சொல் பெயர்ப்பின், 'கடிதம் எழுதினான், ஆனால் எழுதினானல்லன்' என நமக்கு முரணாக முடியும். அதன் பொருள், எழுதுதலில் ஈடுபட்டான், எழுதி முடித்தானல்லன் என்பதே.

இப்பகுப்பு இறந்தகாலத்தோடு நில்லாது ஏவலிலும் எதிர்காலத்திலும் எச்சத்திலும் ஊடுருவிச் செல்லும். 'நபீஷி' என்பது எழுதி முடிக்குமாறு ஏவுதல். விலக்குங்கால் பெரும்பாலும் முற்றாநோக்கே வரும்: 'நெ பீஷி'. இந்நொடியில் நிகழும் செயலைக் கூற முற்றுநோக்கு வினை உதவாது. நிகழ்ந்துகொண்டிருப்பது முழுமையாதல் எவ்வாறு என்பது அவ்விலக்கணத்தின் உட்கிடை. முன்னொட்டுகளோ நோக்கை மாற்றுதலோடு பொருளையும் மாற்றும். அதே வினை வெவ்வேறு முன்னொட்டுப் பெற்று விவரித்தல், படியெடுத்தல், கையொப்பமிடுதல் எனப் பொருள்படும். ஆதலின் வினையைத் தனித்துக் கற்றல் ஆகாது. இணையாகவே கற்றல் வேண்டும்.

ஒட்டுச்சொற்களின் நிரல்

செர்பியச் சொல்முறை கட்டற்றது என்பர். இது பாதி உண்மை. முழுச்சொற்கள் இடம் பெயரும். ஆனால் அழுத்தமற்ற துணைவினைகளும் சுட்டுப்பெயர்களும் வாக்கியத்தின் முதற்சொல்லையோ முதற்றொடரையோ அடுத்து, ஒரு நிரலில் மட்டுமே நிற்கும். வினா இடைச்சொல், துணைவினை, நான்காம் வேற்றுமைச் சுட்டு, இரண்டாம் வேற்றுமைச் சுட்டு, தற்சுட்டு என்பது அந்நிரல். 'யெ' என்னும் படர்க்கை ஒருமைத் துணைவினை மட்டும் எல்லாவற்றிற்கும் பின்னதாகும். 'தஒ ஸம் மு க' என்பது 'அதனை அவனுக்குக் கொடுத்தேன்'. 'நேற்று' என்னும் சொல்லை முன்வைப்பின், 'யுச்சே ஸம் மு க தஒ' என வினை இறுதிக்குச் செல்ல, ஒட்டுச்சொற்கள் இரண்டாம் இடத்தை விடா. 'என் தம்பி வந்தான்' என்பதை 'மோய் யெ ப்ரத் தொஷஒ' எனவும் கூறுவர். 'என்' என்பதற்கும் 'தம்பி' என்பதற்கும் நடுவே துணைவினை புகுந்தது. தமிழில் வினை இறுதியில் நிலைக்க, ஏனையவை பெயரும். அங்கே இரண்டாமிடம் நிலைக்க, ஏனையவை பெயரும். இவ்வொரு கருத்தைப் பற்றிக்கொள்ளின் தொடரியலின் பெரும்பகுதி விளங்கும்.

வாய்பாடும் இலக்கணமும்

இனி, முன்னுரையில் எழுப்பிய பொருளுக்கு மீள்வோம். தென்சிலாவிய வீரப்பாடலின் அடி பெரும்பாலும் பத்து அசை கொண்டது; நான்காம் அசையின்பின் சொல் முடிதல் வேண்டும். அசை என்பது ஈண்டு நேர், நிரை அன்று. ஓர் உயிருக்கு ஓரசை என எண்ணுவது. இவ்வெண்ணிக்கையில் ஒவ்வொரு வேற்றுமை ஈறும் பங்கு கொள்கின்றது. பெயர் உருபை விடுத்து நிற்றல் அம்மொழியில் இயலாது. அந்நிலையில் பாணன் செய்வதென்ன? எழுவாயில் ஓரசை குறையுமாயின், எழுவாய் வடிவிற்கு மாறாக விளி வடிவை இடுவான். 'வுக்கஷின்' என்னும் பெயர் மூன்றசை. அதன் விளியாகிய 'வுக்கஷினெ' நான்கசை. அடியின் முதற்பகுதி நிரம்பிவிடும். பொருளால் எழுவாய், வடிவால் விளி. பாணர் பாடல்களில் இது பெருவழக்கு. ஆங்கிலப் பெயர்ப்பில் இப்பெயர் எவ்விடத்தும் ஒரே வடிவில் நிற்கும். பாணனின் தொழில்நுட்பம் அங்குத் தென்படாது.

ஒலிப்பு வேறுபாடும் யாப்பைத் தொடுகின்றது. 'வெண்கோபுரம்' என்பது பாணர் மரபில் பயின்று வரும் அடைகொளி. 'பியெல கூல' என்பது ஐந்தசை. எகர ஒலிப்பில் 'பேல கூல' என மாற்றின் நான்கசை. இலக்கணத்தில் மேற்பரப்பு வேறுபாடாகத் தோன்றியது செய்யுளில் அடியையே முறிக்கவல்லது. பாரியின் பாடல்களைப் பயில்வார் 'இயெ' ஒலிப்பை மேற்கொள்க என முன்னர்க் கூறியதன் காரணம் இதுவே.

தமிழ்ச் செய்யுளின் நிலை வேறு. நம் புலவர்க்கு உருபைத் தொக்க வைக்கும் உரிமை உண்டு. வேற்றுமைத்தொகை, வினைத்தொகை, பண்புத்தொகை என அவ்வுரிமை விரியும். செர்பியப் பாணன் ஈற்றை மாற்றி அளவு நிரப்புமிடத்து, சங்கப் புலவன் ஈற்றை நீக்கி அளவு சுருக்க இயலும். ஆகவே ஒரே சொற்றொடர் மீண்டும் வருதல் என்பது இரு மொழியிலும் ஒரே நிகழ்ச்சி அன்று. அங்கே ஒரு தொடர் வடிவு மாறாது மீள்வது, ஈறுகளின் நெருக்கடியை வென்ற மரபின் அடையாளம். இங்கே தொகைநிலைத் தொடர் மீள்வது, மொழியின் பொது இயல்பினாலும் நிகழலாம். வாய்பாடுகளை எண்ணி, அவ்வெண்ணிக்கையால் வாய்மொழித் தன்மையைத் துணிவார், முதலில் இவ்வேறுபாட்டைக் கழித்தல் வேண்டும். கைலாசபதி அவர்களின் முடிவு சரியோ தவறோ என்று ஈண்டு யாம் துணியவில்லை. அம்முடிவை உரைத்துப் பார்க்கும் கல் இரு மொழி இலக்கணமும் அறிந்தார் கையிலேயே உள்ளது என்கின்றோம்.

முடிவுரை

ஆங்கில வாயிலாக வந்த பயிற்சி நூல்கள் ஆங்கிலேயர்க்கு அரியனவற்றை விரித்தும், எளியனவற்றைச் சுருக்கியும் கூறுவன. வேற்றுமை என்பது யாது என விளக்கவே பல பக்கங்கள் செலவாகும். தமிழ் மாணாக்கர்க்கு வேண்டும் முறை வேறு. முதற்கண் வல்லெழுத்தின் ஒலிப்பு வேறுபாடும், தமிழெழுத்தின் துணையால் மாத்திரையும். அடுத்து, உருகிய உருபுகளை வாக்கியத்தோடு பயிலுதலும் அடைமொழி இயைபும். மூன்றாவதாக ஒட்டுச்சொற்களின் நிரல். தொடக்கம் முதல் இறுதிவரை இடையறாது, இணை இணையாக வினைநோக்கு. விளியையும் செயப்படுபொருளின் உயிர்ப் பகுப்பையும் நம் இலக்கணத்தோடு ஒப்பிட்டு ஓரிரு பாடத்தில் முடித்துவிடலாம்.

வூக்கின் முதல் இலக்கணம் பழைய திருச்சபை மொழிக்கு வார்த்த அச்சில் மக்கள் மொழியைப் பொருத்திப் பார்த்தது. பின்னர் அவர் அதனைத் திருத்திக்கொண்டார். கிரிம் தம் மக்களுக்காக அத்திருந்திய நூலை நேரே தம் மொழிக்குக் கொணர்ந்தார். தமிழர்க்கெனத் தமிழில் அமைந்த சிறியதோர் இலக்கணமும், பாணர் பாடலொன்றை அடிதோறும் உருபு பிரித்துக் காட்டும் உரையும் தோன்றுமாயின், சங்க இலக்கியத்தின் தோற்றம் பற்றிய வழக்கில் நாம் பிறர் சான்றைக் கேட்டுரைப்போராக நில்லாது, சான்றை நேரே வினவுவோராக நிற்றல் கூடும். இப்பணி ஒருவரால் முடிவதன்று. மொழிநூல் கற்றாரும் யாப்பு வல்லாரும் கூடி மேற்கொள்ளத்தக்கது.